வாசல் தாண்டிய சாட்சி

வேதமணியிடம் ஒரு பொருளை நீட்டி, சரியாக இருக்கிறதா பார் என்று சொல்லிவிட்டால் நீட்டியவரின் நிம்மதி அன்றோடு போயிற்று. காய்காரரின் தராசு, தையற்காரர் அடித்த கை மடிப்பு, தேவாலயத்துப் பீடத்தில் விரித்த துணி, எல்லாமே அவள் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். எரிச்சலான சங்கதி என்னவென்றால், அளந்து பார்த்தால் அவை கோணலாகத்தான் இருக்கும். மராத்தி பேசும் ஊரான கட்கியில் அவர்கள் குடியிருந்த இரண்டறை வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றால், அவள் கணவர் ஜார்ஜ் அவள் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து அடிப்பார். ஜார்ஜுக்குக் கன்டோன்மென்ட் பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்தர் வேலை. சாது மனிதர். சண்டையைவிடக் கோணல் காலண்டர் மேல் என்று நினைப்பவர்.

அவளுடைய அந்தக் கண்ணுக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆள் இருந்தது. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து விழும் எஃகுப் பின்களை மைக்ரோமீட்டரால் அளந்து, சரியானதற்கு ஒப்பமும் சரியில்லாததற்குச் சிவப்புச் சீட்டும் போடுவது வேலை. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சீட்டுதான். விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் கட்கியிலிருந்து கிளம்பும். முதல் ஆளாக ஏறுவது அவள்தான். எட்டு மணி நேரம் நின்றபடியே அளந்துவிட்டு வந்து, சப்பாத்தி போட்டு, மகள் ஆஷாவின் கணக்கு நோட்டில் வரைந்த முக்கோணங்களையும் ஒரு கை பார்ப்பாள்.

1997ஆம் வருஷம் மே மாதத்தில் நடந்ததைச் சொன்னால் அவள் யார் என்பது விளங்கிவிடும். மெஷினிலிருந்து வரும் பின் சூடாக இருக்கும். குளிரூட்டிய அறையில் சில மணி நேரம் வைத்து ஆறிய பிறகே அளக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம், ஏனென்றால் சூட்டில் எஃகு கொஞ்சம் பெருத்துக் காட்டும். அன்றைக்கு, விடிந்ததும் லாரி கிளம்ப வேண்டும், சீக்கிரம் சீக்கிரம் என்று சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து வசந்தகுமார் நெருக்கியதில், ஒரு தட்டுப் பின்களை வெதுவெதுப்பாக இருக்கும்போதே அளந்து ஒப்பம் போட்டுவிட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது அது அவளைக் குத்தியது. இறங்கியதும் மிச்சம் வைத்திருந்த மாதிரியை எடுத்து அளந்தாள். ஆறியதும் சிறுத்துப் போயிருந்தது. லாரி அப்போதுதான் வாசலைத் தாண்டி நகர் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. வேதமணி ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். நிறுத்திய பிறகு, தவறாக அளந்தது நான்தான் என்று தன் கையாலேயே எழுதி அத்தனை பெட்டியிலும் சிவப்புச் சீட்டு கட்டினாள். வசந்தகுமாருக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அவரும் அவர்களுடைய தமிழ்ச் சபையில்தான் பாடகர் குழுவில் இருந்தார், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

லாரிக்கு முன்னால் ஓடிய அந்தக் காலுக்குத்தான் இரண்டு வருஷம் கழித்துக் கேடு வந்தது. 1999இல் மழை பிடித்த முதல் வாரத்தில் காய்ச்சல். பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது, அலுப்பு போகவில்லை. தூங்கி எழுந்தால் மூட்டை தூக்கியவள் போல எழுந்தாள். குளித்துவிட்டு வந்தால் மறுபடி படுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் சமாளித்து வேலைக்குப் போனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் கை கால் அவளுடையதாக இல்லை. ரத்தம் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது. அளவையே நம்பி வாழ்ந்தவளிடம் எல்லா அளவும் சரி என்று சொல்லி அனுப்பினால் அவள் எங்கே போவாள்?

போதாக்குறைக்கு ஊரில் எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். எனக்கும்தான் அலுப்பா இருக்கு என்றாள் மாடி வீட்டுக்காரி. எனக்கும்தான் என்றார் மருந்துக்கடைக்காரர். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி தனக்கு இரும்புச் சத்து மாத்திரையில் சரியான கதையை மூன்று முறை சொன்னாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். வேதமணிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படுத்த உடம்புக்குள் மனம் படுக்காமல் வீடு முழுக்க நடந்தது. மின்விசிறியின் ஒரு இறக்கை தாழ்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். ஜன்னல் சட்டம் இடது பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் ஆஷாவிடம் படுத்தபடியே அவற்றைச் சொன்னாள். ஆஷா ஹிந்தியில் "மம்மி, ஆராம் கரோ" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆராம், அதாவது ஓய்வு, என்ற சொல்லைக் கேட்டாலே வேதமணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வருஷத்தில் லீவு எல்லாம் கரைந்தது. 2001 ஜூலையில் கம்பெனியின் பணியாளர் அதிகாரி வெங்கடேஸ்வரன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கும்பகோணத்துக்காரர், ஃபைலில் இருப்பதை மட்டுமே நம்புகிறவர். ஆனால் அன்று அவர் சொன்னது அவளுக்கு உயிர் கொடுத்தது. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் குளிர் அறையில் இருப்பவர் நவம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறார். உட்கார்ந்து செய்யும் வேலை, மதியம் ஒரு மணி வேனில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இவளுக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது, இவ்வளவுதான் முடியும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த இருக்கையை அவளுக்கே தருவதாகச் சொன்னார். இல்லையென்றால் பழையபடி மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், நிற்க முடியாவிட்டால் வேலையை விட வேண்டும். அன்றிலிருந்து வேதமணிக்கு அந்த நாற்காலியைத் தவிர வேறு நினைப்பில்லை.

நோய்க்குப் பெயர் வைத்தது ஔந்த் என்ற பகுதியில் இருந்த ஒரு கிளினிக். க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம் என்றார்கள். தீராக் களைப்பு. அங்கே டாக்டர் காவ்யா என்று ஒரு மராத்திப் பெண், மனநல மருத்துவம் படித்தவள், இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இந்த நோயோடு வாழப் பழகுவதில் நான்கு கட்டங்கள் உண்டு என்று அவள் விளக்கினாள். முதலில் அடி விழுந்து நிலைகுலைந்து கிடக்கும் காலம். அடுத்து எதை எவ்வளவு செய்யலாம் என்று தடவிப் பார்க்கும் காலம். பிறகு இனி நான் யார் என்று தன்னையே கேட்கும் காலம். கடைசியில் நோயையும் கூட்டிக்கொண்டு நடக்கத் தெரிந்த காலம். இதை அளக்க ஒரு படிவம் இருந்தது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள்; ஒன்று என்றால் துளியும் இல்லை, ஐந்து என்றால் முழுக்க உண்மை. மனசை அளக்கவும் கருவி இருக்கிறது என்று கேட்டதும் வேதமணிக்கு உடம்பு சிலிர்த்தது. படிவத்தை வைத்துத்தான் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவேன் என்றாள் காவ்யா.

இங்கேதான் அந்தக் குடும்பம் கோட்டை விட்டது. டாக்டரிடம் போவதென்றால் அவர்களுக்குக் கோவிலுக்குப் போவது மாதிரி. போகிற இடத்தில் கிழிந்த துணி மாதிரி நிற்கக் கூடாது என்று வேதமணி மூன்று நாள் முழுக்கப் படுத்துத் தெம்பு சேர்த்தாள். சமையலை ஜார்ஜ் பார்த்துக்கொண்டார். நான்காம் நாள் மாம்பழ நிறப் பட்டுச்சேலை, முகத்தில் பவுடர், தலையில் எண்ணெய். ஆட்டோவில் போய் இறங்கியபோது காவ்யாவே, இன்றைக்கு நன்றாக இருக்கிறீர்களே என்றாள். பக்கத்தில் ஜார்ஜ் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவர்கள் சபையில் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், கர்த்தர் கிருபையால் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு சொன்னால் விசுவாசம் போதாது என்று பொருள். வேதமணிக்கு அது நாற்பத்து நான்கு வருஷப் பழக்கம். இந்த உடம்போடு வாழும் வழி எனக்குப் பிடிபட்டுவிட்டது என்ற வாக்கியத்துக்கு ஜார்ஜ் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து போட்டாள். வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சுகிறேன் என்பதற்கு ஒன்று. காவ்யா கூட்டிப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு நான்காம் கட்டம் என்றாள். நோயைத் தாங்கி நடக்கப் பழகிவிட்டார், வழக்கமான வேலைக்குத் திரும்பலாம் என்று கடிதம் போயிற்று. வழக்கமான வேலைக்குத் திரும்பலாம் என்றால் உட்கார்ந்து செய்யும் வேலை எதற்கு என்று வெங்கடேஸ்வரன் அவளை மெஷினுக்கே அனுப்பினார்.

ஜார்ஜ் அதைக் கேட்டவிதம் வேறு. இரண்டு வருஷமாகத் தினமும் முழங்காலில் நின்றவர் அவர். வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டரே எழுதிவிட்டாள் என்றால் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. பாஸ்டரிடம் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு ஆராதனையில், கடவுள் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் வேதமணியின் பெயர் அழைக்கப்பட்டது. அவள் முன்னால் போய் நின்று, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நான் சுகமாயிட்டேன் என்று சொன்னாள். ஜார்ஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அந்த முகத்துக்கு வேறு எதையும் சொல்ல அவளால் முடியவில்லை. சபை ஆமென் சொன்னது. பாடகர் வரிசையிலிருந்து எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவர் வசந்தகுமார். திங்கட்கிழமை கம்பெனியில் வெங்கடேஸ்வரனிடமும் போய், நம்ம இன்ஸ்பெக்டரம்மா பிழைத்துவிட்டார் என்று சொல்லி வைத்தார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

மெஷின் பக்கத்தில் ஒன்பது நாள் தாங்கினாள். ஒன்பதாம் நாள் மைக்ரோமீட்டரைத் திருக விரல் வரவில்லை. பின்கள் இருந்த தட்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வேனில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த மூன்று வாரம் கழிவறைக்குச் சுவரைப் பிடித்துத்தான் போனாள். வெளிச்சம் கூசியது, ஆஷா தட்டு கழுவும் சத்தம் மண்டைக்குள் விழுந்தது. அப்படிக் கிடக்கும்போது, விசிறி இறக்கையின் தாழ்வைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. மூன்று நாள் படுக்க வைத்து, பவுடர் போட்டு, புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்து அளந்தது என்ன அளவு? சூட்டோடு அளந்த எஃகுப் பின்னின் அளவு. ஆறுவதற்குள் ஒப்பம் போட்டு, லாரியிலும் ஏற்றியாயிற்று. அவளுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எஃகுக்கு ஒரே ஒரு தடவை செய்து, மறுநாளே திருத்திய துரோகத்தைத் தனக்கே செய்துகொண்டிருக்கிறாள்.

மறுநாளே ஜார்ஜ் வேலைக்குப் போன பிறகு காவ்யாவுக்கு ஃபோன் செய்தாள். என்னை மறுபடி அளக்க வேண்டும், நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும், என்றைக்கு என்று சொல்லாமல் வர வேண்டும் என்றாள். படித்த பாடத்தில் இப்படி ஒரு முறை இல்லை என்று காவ்யா சிரித்தாள். ஆனால் வந்தாள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அதற்கு முந்தின நாள்தான் வேதமணி பிடிவாதமாக ஒரு வாளித் துணி துவைத்திருந்தாள். கலைந்த தலையும் பழைய நைட்டியுமாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ஜார்ஜ் வீட்டில் இருந்தார், விருந்தாளியைப் பார்த்ததும் போர்வையை இழுத்துச் சரிசெய்யப் போனார். வேதமணி வேண்டாமென்று கையை மட்டும் அசைத்தாள்.

தாளைப் பிடிக்கவும் அவளால் முடியவில்லை. ஆஷாதான் படித்தாள். அப்போது அவள் ஜூனியர் காலேஜ் முதல் வருஷம், நம் ஊர்க் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. ஆங்கிலத்திலிருந்த வாக்கியங்களைத் தனக்குத் தெரிந்த தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். நான் பழைய ஆள் இல்லை என்று தோன்றுகிறது என்பதற்கு வேதமணி ஐந்து என்றாள். நாளைக்கு எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது என்பதற்கும் ஐந்து. ஜார்ஜ் கனைத்தார். அவ்வளவு மோசமில்லை, மூன்று போடு என்றார். ஆஷா பேனாவைத் தூக்கிக்கொண்டு யாருடையதை எழுதுவது என்று தெரியாமல் நின்றாள்.

"நான் சொல்லுததப் போடு" என்றாள் வேதமணி.

அடுத்த வாக்கியத்தை ஆஷா மனசுக்குள் படித்துவிட்டுத் தாண்டப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

"நான் வீட்டுக்கு ஒரு... பர்டன். போஜ் மாதிரி மம்மி. பாரம். நான் வீட்டு ஆளுங்களுக்குப் பாரம்."

"அஞ்சு."

ஆஷாவின் கை எழுதவில்லை. ஜார்ஜ் எழுந்து வெளியே போய்விட்டார். காவ்யாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவளும் குனிந்துகொண்டாள். மகள் அழுவது வேதமணிக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த எண் நான்காகிவிடும் என்று பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஆஷா ஐந்தை எழுதினாள்.

காவ்யா கூட்டிப் பார்த்தாள். நான்காம் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கு வந்திருந்தது. இதை எப்படிச் சொல்வது என்று அவள் தயங்க, வேதமணியே ஹிந்தியில், இது சரியான அளவா என்று கேட்டாள். ஆமாம், இதுதான் சரி என்றாள் காவ்யா. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வேதமணிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. டாக்டர் படியிறங்குவதற்குள் தூங்கிவிட்டாள்.

புதுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நவம்பர் முதல் வாரத்தில் ஜார்ஜின் கையைப் பிடித்தபடி கம்பெனிக்குப் போனாள். வெங்கடேஸ்வரன் கடிதத்தைப் படித்தார், பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஆகஸ்ட்ல நாலாவதுன்னு எழுதியிருக்கு, இப்ப ஒண்ணுங்கறது. சர்ச்சில எழுந்து நின்னு குணமாயிடுத்துன்னு சொல்லியிருக்கேள், வசந்தகுமார் தன் காதால கேட்டிருக்கார். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. நான் எதை ஃபைல்ல வைக்கறது?"

அவர் மேல் வேதமணிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் விசித்திரம். இரண்டு அளவு இரண்டு விதமாக வந்தால் அவளும் இதையேதான் கேட்டிருப்பாள். பதில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஜார்ஜ் அவளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். சபையில் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது, அது சாட்சி அல்லவா, கடவுள் முன்னால் சொன்னதல்லவா என்றார். அதைத் திருப்பி எடுத்தால் தன்னுடைய இரண்டு வருஷ ஜெபத்தையும் திருப்பி எடுப்பதுதான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் குரல் உடைந்த இடம் அதுதான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவருக்காக அவளுக்கு வலித்தது.

"லாரி வாசலத் தாண்டிட்டுன்னு அன்னைக்கு விட்டுட்டேனா?" என்றாள். ஜார்ஜ் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றிக் கரும்பும் பூசணியும் வாழைத்தாரும். விரித்த துணி வழக்கம்போல வலது பக்கம் தாழ்ந்திருந்தது. வேதமணி இந்தத் தடவை தெம்பு சேர்க்கவில்லை, பவுடர் போடவில்லை. வீட்டில் கட்டும் நூல் சேலையில் வந்திருந்தாள். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று பாஸ்டர் சொன்னதும் எழுந்தாள். ஜார்ஜ் கையைக் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்ற முதல் வார்த்தையிலேயே முழங்கால் ஆட ஆரம்பித்தது. அந்தச் சபையில் சாட்சியை நின்றுதான் சொல்வார்கள், உட்கார்ந்து சொல்லி யாரும் பார்த்ததில்லை. அவள் அங்குமிங்கும் பார்த்தாள். எனக்கு ஒரு நாற்காலி வேணும் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். ஒருவரும் அசையவில்லை. பிறகு பாடகர் வரிசையிலிருந்து வசந்தகுமார் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அவள் உட்காரும் வரை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை அவர் அப்போதுதான் பார்த்தார். மறுநாள் அவர் வெங்கடேஸ்வரனின் அறைக்குப் போய்த் தான் கண்டதைச் சொன்னதும், டிசம்பர் மூன்றாம் தேதி அந்தக் குளிர் அறை இருக்கை அவளுக்குக் கிடைத்ததும், வாரத்தில் ஐந்து நாள் என்று தொடங்கி அது மூன்று நாளாகக் குறைந்ததும், அதற்குப் பிறகும் அவள் சுகமாகவில்லை என்பதும் பின்னால் நடந்தவை. அந்த நிமிஷத்தில் அவளுக்கு அது எதுவும் தெரியாது.

"மூணு மாசத்துக்கு முந்தி இங்க நின்னு சுகமாயிட்டேன்னு சொன்னேன்" என்றாள். "அது தப்பு அளவு. நான்தான் தப்பா அளந்தேன். அதத் திருப்பி எடுத்துக்கிடுதேன். நான் சுகமாகல. உயிரோட இருக்கேன். அதுக்கு ஸ்தோத்திரம்."

இப்படி முடியும் சாட்சிக்கு என்ன சொல்வதென்று சபைக்குத் தெரியவில்லை. பாஸ்டர் வேதப் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். வேதமணி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தன் பெஞ்சுக்குத் திரும்பிப் போக எத்தனை அடி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காவது வரிசையில் ஜார்ஜ் எழுந்து நின்றார்.

"ஆமென்" என்றார்.

பிறகு அவளைக் கூட்டிப் போக முன்னால் வந்தார்.